தனியார் மருத்துவமனைக்குப் போனால் தனியார் பில்லா?

சிங்கப்பூரில் அவசர ஆம்புலன்ஸுக்கான எண் 995. “995-ஐ அழைத்தால் ராஃபிள்ஸ் என்ற தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், தனியார் கட்டணம்தான்” என்று அங்கே வாட்ஸ்அப்பில் சுற்றும் பேச்சு தவறு. இதை நம்பி யாரும் ஆம்புலன்ஸை அழைக்கத் தயங்கிவிடக் கூடாது.

2014 ஜனவரியில் சாங்கி பொது மருத்துவமனையில் படுக்கை போதாமல், வார்டில் இடம் கிடைக்கும்வரை நோயாளிகளைக் குளிர்சாதனக் கூடாரத்தில் படுக்கவைத்தார்கள். அந்த நெருக்கடியைக் குறைக்கத்தான் 2015-இல் சுகாதார அமைச்சு ராஃபிள்ஸுடன் கைகோத்தது. ஏற்பாடு இதுதான்: உயிருக்கு ஆபத்தில்லாத சிலரை, 995 அழைப்புக்கு வரும் குடிமைத் தற்காப்புப் படை ஆம்புலன்ஸ் அங்கே கொண்டுபோகும். அப்படிப் போனவர்களுக்கு அரசு மருத்துவமனை போலவே மானியக் கட்டணம்.

சரி, குழப்பம் எங்கே வந்தது? தாமாக டாக்ஸி பிடித்துப் போகிறவர்களுக்கு இந்த மானியம் கிடையாது. அந்த பில்லைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோகிறார்கள்.