ஓல்கா அக்கா கொடுத்த பணம்

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு. "காலேஜைப் பாதியில் விட்டார், ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டார்!" கூடவே இகோர் சிகோர்ஸ்கி தொப்பியோடு நிற்கும் படம். சித்தி பையன் மூன்று ஃபயர் எமோஜி போட்டிருந்தான். நாலு அரியர் வைத்திருக்கிறவன், போடாமல் என்ன செய்வான்?

பாதியில் விட்டது நிஜம். அதுவும் இரண்டு தடவை. 1906இல் பீட்டர்ஸ்பர்க் கடற்படைப் பள்ளி, அப்புறம் கீவ் பாலிடெக்னிக். ஆனால் எப்பேர்ப்பட்ட வீட்டுக்குத் திரும்பி வந்தார் என்பதை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

1889இல் கீவில் பிறந்தவர், ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா பேர்பெற்ற மனநல மருத்துவப் பேராசிரியர். அம்மாவும் மருத்துவம் படித்தவர். ஆனால் அந்த வேலைக்குப் போகாமல் பையனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். டா வின்சி வரைந்த பறக்கும் எந்திரங்களைப் பற்றி அவர் சொன்ன கதைதான் ஆரம்பம். பன்னிரண்டு வயதில், ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் எழும்புகிற குட்டி ஹெலிகாப்டர் ஒன்றைப் பையன் செய்துவிட்டான். (நான் அந்த வயதில் சால்டரிங் அயர்ன் கேட்டதற்கு, "வீட்டைக் கொளுத்தவா?" என்றார் அப்பா.)

1908 கோடையில் அப்பாவோடு ஜெர்மனி போன இடத்தில் ரைட் சகோதரர்கள் பறந்த செய்தி கிடைக்கிறது. அடுத்த வருஷமே பாரிஸ். செலவு அக்கா ஓல்காவுடையது. படிப்பை முடிக்காத தம்பி, உலகத்தில் யாருமே உருப்படியாகப் பறக்கவிடாத ஹெலிகாப்டர் என்கிற சாமானுக்கு எஞ்சின் வாங்கப் போகிறேன் என்கிறான். அக்கா பணத்தை எடுத்துக் கொடுக்கிறார்!

25 குதிரைத்திறன் அன்சானி எஞ்சினோடு ஊர் திரும்பினார். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகளை வைத்து ஒன்றைக் கட்டினார். குலுங்கியது, எழும்பவில்லை. 1910இல் இன்னொன்று. அது தன்னைத் தூக்கிக்கொண்டது, ஆளைத் தூக்கவில்லை. எஞ்சினுக்குத் தெம்பு பத்தாது என்று புரிந்ததும் அதை மூட்டைகட்டிவிட்டு விமானத்துக்கு மாறினார். அந்த ஜூனில் அவருடைய எஸ்-2 சில அடி எழும்பியது. மாதக் கடைசியில் நொறுங்கியது. அடுத்தடுத்து விமானங்கள். ஒருமுறை கார்புரேட்டரில் கொசு அடைத்து எஞ்சின் நின்றுபோக, அவசரமாக இறங்கினார். ஒரே எஞ்சினை நம்பக்கூடாதென்று 1913இல் நாலு எஞ்சின் விமானமே பறக்கவிட்டார். மூட்டைகட்டிய ஹெலிகாப்டர் அவரைத் தூக்கியது 1939இல், அமெரிக்காவில்.

இதையெல்லாம் குரூப்பில் டைப் பண்ணிப் போட்டேன். "யாருப்பா அந்த ஓல்கா?" என்று சித்தி கேட்டார். பையனிடமிருந்து சத்தமே இல்லை. அவன் அக்கா மட்டும் ஒரு தம்ஸ் அப் போட்டாள். அரியர் ஃபீஸ் அவள் சம்பளத்திலிருந்துதான் போகிறது.