உயரம் இருந்தால் மட்டும் பனி தங்காது
6,961 மீட்டர் உயரம் என்பதால் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடரிலேயே அதிகப் பனி அர்ஜென்டினாவின் அக்கொன்காகுவா சிகரத்தில்தான் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரியல்ல, உயரத்தைவிடப் பொழிவுதான் முக்கியம். 6,893 மீட்டர் ஓஹோஸ் தெல் சலாதோ எரிமலை அட்டகாமா பாலைவன வறட்சியில் நிற்பதால் அங்கே பனியாறு (மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்) சொற்பம். அதைவிடத் தாழ்ந்த பெரு நாட்டின் உவாஸ்கரான் சிகரத்துக்கு அமேசான் பக்கத்து ஈரம் வருவதால் உச்சியே பனிக்கட்டி. அக்கொன்காகுவாவின் வடமேற்குச் சரிவும் வெயிலும் காற்றும் தின்ற வெறும் சரளைதான். பெரும்பாலோர் ஏறும் அந்த வழியில் பனியாற்றைக் கடக்காமலே உச்சிக்குப் போகலாம். அக்கொன்காகுவாவின் தெற்கே உள்ள ஓர்கோனெஸ் இன்பெரியோர் பனியாறே இல்லை, கற்குவியல் என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் எழுதியிருக்கிறார். அதுவும் சரியல்ல. மலையின் தெற்கு முகத்திலிருந்து சரியும் பனியால் வளர்கிற பனியாறு அது, மேலே கல் மூடியிருக்கிறது. ஓரிரு சென்டிமீட்டருக்கும் மெல்லிய கல்தூசு வெயிலை உறிஞ்சி உருகலைக் கூட்டும். தடித்துவிட்டால் போர்வையாகி உள்ளிருக்கும் பனியைக் காக்கும். செயற்கைக்கோள் படத்தில் நிறத்தை மட்டும் பார்த்துக் கணக்கெடுத்தால் இது விடுபட்டுப்போகும். கல்லுக்கு அடியில் பனி இருக்கிறதா என்று அறிய, மேற்பரப்பில் சிறு குட்டைகள் இருக்கின்றனவா, அவற்றின் கரையில் அழுக்கேறிய பனிச்சுவர் தெரிகிறதா, அடுத்தடுத்த ஆண்டுப் படங்களில் கற்கள் எவ்வளவு நகர்ந்தன என்றெல்லாம் பார்க்க வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் இதே பனியாறு திடீரென வேகமெடுத்துப் பள்ளத்தாக்கில் வெகுதூரம் முன்னேறியது.