போர்ன்வில் கேட்பரி ஊழியர்களுக்கு மட்டுமான குடியிருப்பு இல்லை

இந்த இழையில் பலர் பகிர்ந்திருப்பது, இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கத்து போர்ன்வில் கிராமம் கேட்பரி தன் சாக்லேட் தொழிற்சாலை ஆட்களுக்கு மட்டும் கட்டிய குவார்ட்டர்ஸ், வேலை போனால் வீடும் போய்விடும் என்று. அது சரியில்லைங்க.

தொழிற்சாலை 1879-இல் அங்கே வந்தது உண்மைதான். ஆனால் கம்பெனி முதலாளிகளில் ஒருவரான ஜார்ஜ் கேட்பரி 1890-களில் தன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோதே வெளியாட்களும் குடியேறலாம் என்று வைத்தார். வீட்டுக்குப் பின்புறம் தோட்டம், அதன் கோடியில் ஆப்பிள், பேரி மரங்கள் என்று பர்மிங்காம் சந்துகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களை மனதில் வைத்துக் கட்டியவை அவை. 1900-இல் எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து தனியான ஓர் அறக்கட்டளைக்கே எழுதிவைத்துவிட்டார்.

லிவர்பூல் பக்கம் சோப்பு கம்பெனி கட்டிய போர்ட் சன்லைட் கிராமம்தான் முன்பு ஊழியர்களுக்கு மட்டுமானதாக இருந்தது. இரண்டையும் சேர்த்தே பேசுவதால் குழம்பியிருக்கலாம், நானும் ஒரு காலத்தில் குழம்பியவன்தான்.

சரிபார்க்க வேண்டுமா? வீடுகளை வடிவமைத்த ஹார்வி 1906-இல் போர்ன்வில் பற்றி எழுதிய புத்தகம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குடியிருந்தவர்கள் எங்கே வேலை பார்த்தார்கள் என்ற கணக்கைப் பாருங்கள், போர்ன்வில்லிலேயே வேலை பார்த்தவர்கள் பாதிகூட இல்லை.