யாரு கேட்டா இந்த அட்மின் பதவிய?

மொதல்லயே சொல்லிடறேன், எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்போட அட்மின் வேலைக்கு நான் அப்ளை பண்ணல. எங்க பழைய செக்ரட்டரி சார் வீட்டை வித்துட்டு ஊருக்குப் போறப்ப சத்தமில்லாம குரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டார், அவர் ஒருத்தர்தான் அட்மின், கடைசி அட்மின் வெளிய போனா வாட்ஸ்அப்பே உள்ள இருக்கற யாரையாவது புடிச்சு அட்மின் ஆக்கிடுமாம், இதெல்லாம் யாருக்குத் தெரியும். சாயங்காலம் ஆஃபீஸ் முடிச்சு பஸ்ல உக்காந்து போனைத் திறந்தா என் பேருக்குப் பக்கத்துல குரூப் அட்மின்னு நிக்குது. பட்டத்து யானை தெருவுல போறவன் கழுத்துல மாலை போட்ட கதைதான், ஆனா அந்தக் கதையில அவனுக்கு அரண்மனையாவது கிடைச்சுது.

மேடவாக்கம் பக்கம் 96 வீடு இருக்கற அபார்ட்மென்ட் எங்களோடது. தண்ணி லாரி எப்ப வரும், லிஃப்ட் ஏன் நிக்குது, யாரோட கார் வழிய மறைக்குதுன்னு கேக்கறதுக்குத்தான் இந்த குரூப். இப்ப ஒரு வருஷமா அதுல ஓடறது ஒரே சண்டை, நாய்ச் சண்டை. நாய்ங்க போடல, நாங்க போடறோம்.

ஏ பிளாக் மேடம் ஒருத்தங்க ராத்திரி கேட் பக்கத்துல நாலு தெருநாய்க்கு சோறு வைப்பாங்க. பி பிளாக் சாரோட பேரன் சைக்கிள் ஓட்டறப்ப அதுல ஒண்ணு துரத்தி, பையன் விழுந்து முட்டி பேந்துடுச்சு. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கா இல்லையா? இருக்கு. நேரா மேடம் வீட்டுக் கதவைத் தட்டி பேசியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். சார் என்ன பண்ணார், காலைல ஆறு மணிக்கு குரூப்ல "சில பேருக்கு மனுஷனை விட நாய்தான் ஒசத்தி"ன்னு போட்டார். இந்த "சில பேர்" இருக்கே, அது ஒரு வெடிகுண்டு. பேர் சொல்லி திட்டினா கூட ஒருத்தருக்குத்தான் கோவம் வரும், சில பேர்னு போட்டா பூனை வளக்கறவங்க, புறாவுக்கு அரிசி போடறவங்க, காக்காவுக்கு சாதம் வைக்கற பாட்டி வரைக்கும் எல்லாரும் நம்மளத்தான் சொல்றார்னு கிளம்பி வராங்க. மேடம் பதிலுக்கு "சில பேர் பசங்களை வளக்கற லட்சணம் தெரியுது"ன்னு போட்டாங்க. அதுக்கு கீழ ரெண்டு பக்கமும் கைதட்டற எமோஜி. இந்தக் கைதட்டற கோஷ்டியதான் நான் மன்னிக்கவே மாட்டேன், தானும் பேசாது, பேசறவனையும் நிறுத்த விடாது.

சரி, சட்டம் என்ன சொல்லுதுன்னு நானே உக்காந்து படிச்சேன். 2023ல வந்த நாய்க் கருத்தடை விதிகள்ல தெளிவா இருக்கு, அபார்ட்மென்ட் சங்கம்தான் சோறு போட ஒரு இடம் ஒதுக்கணும், அது பசங்க விளையாடற இடத்துக்கும் வாசலுக்கும் தள்ளி இருக்கணும்னு. ரெண்டு பேருக்கும் வேண்டியது இதேதானே! நானும் சந்தோஷமா, ஜெனரேட்டர் ரூம் பின்னாடி வெச்சுக்கலாமான்னு பெரிய மெசேஜா டைப் பண்ணி போட்டேன். மேடம் சொன்னாங்க, அந்தச் சத்தத்துல நாய் சாப்பிடாது. சார் சொன்னார், அது என் பால்கனிக்கு நேர் கீழ. அதோட அந்த மெசேஜ் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அடில புதைஞ்சே போச்சு.

அதுக்கப்புறம் 2025 ஆகஸ்ட் வந்துது. 11ந்தேதி சுப்ரீம் கோர்ட் டெல்லி பக்கம் தெருநாய்ங்களை எல்லாம் புடிச்சு ஷெல்ட்டர்ல அடைக்கச் சொல்லிச்சு, சார் அந்த நியூஸ எட்டு தடவை ஃபார்வர்டு பண்ணார். 22ந்தேதி அதையே மாத்தி, கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, புடிச்ச இடத்துலயே விடுங்க, வெறிபுடிச்சதையும் கடிக்கற குணம் உள்ளதையும் மட்டும் விடாதீங்க, சோறு ஒதுக்கின இடத்துல மட்டும் போடுங்கன்னு சொல்லிச்சு, மேடம் அத பத்து தடவை போட்டாங்க, ஆனா சோறு பத்தின வரிய மட்டும் விட்டுட்டு. சார் இன்னிக்கு வரைக்கும் 11ந்தேதியிலயேதான் இருக்கார்.

அட்மின் நீ ஏன் சும்மா இருக்கேன்னு கேப்பீங்க. அட்மினுக்கு என்ன பவர் இருக்கு சொல்லுங்க? மெசேஜ டெலீட் பண்ணலாம். பண்ணா அங்க அட்மின் நீக்கினார்னு என் பேரோட கல்வெட்டு மாதிரி நிக்கும், அதுக்குள்ள நாலு பேர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருப்பான். ஒரு நாள் சார் போட்டத தூக்கினேன், மேடம் போட்டத பாக்கறதுக்குள்ள பஸ்ல சிக்னல் போச்சு, அவ்ளோதான், நான் ஏ பிளாக் ஆளு ஆயிட்டேன். (நான் இருக்கறது சி பிளாக்.) வாக்கெடுப்பு வெச்சேன், வாட்ஸ்அப்ல யார் எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும்னு யோசிக்கல, "நீங்களுமா அண்ணா"ன்னு புது சண்டை. கடுப்புல, அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும்ங்கற மாதிரி பூட்டிட்டேன். ரெண்டு நாள் சொர்க்கம். மூணாவது நாள் விடியக்காலைல யாரோ மோட்டாரை ஆஃப் பண்ண மறந்து ஓவர்ஹெட் டேங்க் வழிஞ்சு ஓடியிருக்கு, பாத்தவங்க குரூப்ல சொல்ல முடியல, லாரிக்கு காசு கொடுத்து வாங்கின தண்ணி மொத்தமும் சாக்கடைல போச்சு. அதுக்கும் திட்டு எனக்குத்தான்.

குரூப்ல நடக்கறது பாதிதான், மீதி என் இன்பாக்ஸ்ல. "உங்ககிட்ட மட்டும் சொல்றேன்மா"ன்னு ஆரம்பிக்கற வாய்ஸ் நோட் நாலரை நிமிஷம் ஓடும். நான் ரெண்டு மடங்கு ஸ்பீட்ல வெச்சுக் கேப்பேன், அப்ப கோவம் எல்லாம் கார்ட்டூன் மாதிரி கேக்கும், அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். ரெண்டு பேரும் கடைசில ஒரே வரிய சொல்றாங்க, "நீங்க நியூட்ரலா இருங்க, அவங்கள ரிமூவ் பண்ணுங்க". இதுக்குப் பேர்தான் நியூட்ரலாம்.

நடுவுல ஒருத்தர் அட்மின்தான் பொறுப்பு, சைபர் கிரைம்ல போடுவேன்னு வேற மிரட்டினார். சார், 2021 டிசம்பர்ல மதுரைக் கிளையும் 2022 பிப்ரவரில கேரளா ஹைகோர்ட்டும் சொல்லிடுச்சு, வெறும் அட்மினா இருக்கறதால மட்டும் மெம்பர் போட்ட மெசேஜுக்கு அவன் குத்தவாளி ஆக மாட்டான்னு. கோர்ட்டே என்னை விட்டுடுச்சு, பி பிளாக்தான் விட மாட்டேங்குது.

எனக்கு வயிறு எரியறது எதுக்குன்னா, இதே ஆளுங்கதான் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல கீழ்வீட்டுக்குள்ள தண்ணி பூந்தப்ப அப்படி ஒத்துமையா இருந்தாங்க. யார் வீட்ல பால் பவுடர் இருக்கு, யாருக்கு இன்சுலின் வேணும், மெழுகுவத்தி மூணு இருக்கு வாங்கிக்கோங்க, எல்லாமே ஒத்தை வரி மெசேஜ். மேடம் வீட்டு அடுப்புல சமைச்ச கிச்சடியதான் சார் வீட்ல சாப்பிட்டாங்க. கரண்ட் இல்லாம போன்ல சார்ஜ் 12 பர்சன்ட் இருக்கறப்ப மட்டும் எல்லாரும் மனுஷங்களா டைப் பண்றாங்க. லிஃப்ட்ல பாத்தா இப்பவும் சாப்பிட்டாச்சா சார், ஆச்சும்மான்னு சிரிப்பு வேற, நடுவுல நான் மட்டும் கதவு எப்ப திறக்கும்னு நம்பரைப் பாத்துட்டு நிப்பேன்.

போன ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணிட்டேன். "என்னால இனிமே முடியல, யாராவது அட்மின் பொறுப்பை எடுத்துக்கோங்க ப்ளீஸ்"னு போட்டேன். 83 பேர் படிச்சிருக்காங்க, நான் ஒவ்வொரு பேரா எண்ணிப் பாத்தேன், ஒருத்தர் வாயத் திறக்கல. ராத்திரி பத்து மணிக்கு மேடம் போட்டாங்க, "நீங்களே இருங்கம்மா, உங்கள மாதிரி பொறுமையானவங்க கிடைக்க மாட்டாங்க". அதுக்குக் கீழ ஒரே ஒரு கட்டைவிரல். யாருன்னு தொட்டுப் பாத்தா பி பிளாக் சார்.