கணக்குக் கேட்டது குத்தமா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிஞ்சு நம்ம பள்ளிவாசல்ல நடந்தது எல்லாருக்கும் தெரியும். பைத்துல்மால், அதான் வசதியுள்ளவங்க கடமையாக் குடுக்குற ஜகாத் சேருற பொது நிதி, அதோட வரவு செலவை போர்டுல ஒட்டுங்கன்னு ஒரு தம்பி கேட்டான். அவ்வளவுதான். "நேத்துப் பொறந்தவன் எங்ககிட்ட கணக்குக் கேக்குறியா? நாங்க அல்லாஹ்கிட்ட சொல்லிக்கிறோம்"னு அத்தனை பேர் முன்னாடி கமிட்டிக்காரங்க அவனை உக்கார வச்சிட்டாங்க.

அல்லாஹ்கிட்ட எல்லாரும்தான் சொல்லப்போறோம். ஜமாஅத்துக்கு, ஊர் மக்களுக்குச் சொல்லுங்கன்னுதான் அவன் கேட்டான்.

பனூ ஸுலைம்கிட்ட ஜகாத் வசூலிச்சுட்டு வந்த இப்னுல் லுத்பிய்யாகிட்ட நம்ம நபி ரசூலுல்லாஹ் (ஸல்) கணக்குக் கேட்டாங்களா இல்லையா? "இது உங்களுக்கு, இது எனக்கு வந்த அன்பளிப்பு"ன்னு அவர் பிரிச்சு வச்சப்ப, தாய் தகப்பன் வீட்ல உக்காந்திருந்தா இது உமக்கு வந்திருக்குமான்னு கேட்டாங்க. மக்கள் முன்னாடி நின்னும் அதைப் பேசினாங்க. ஒரு ஸஹாபிகிட்டயே, நபியோட தோழர்கிட்டயே கேட்ட கணக்கு நம்ம பொருளாளர்கிட்ட கேட்டா மரியாதைக் குறைவா?

"சம்பளம் வாங்காம சேவை செய்றோம், மனசு நோகுது"ங்கிறாங்க. வாங்கிக்கங்க. குர்ஆன்ல தவ்பா சூராவோட 60ஆவது ஆயத்துல (வசனத்துல) ஜகாத் வாங்க உரிமையுள்ள எட்டு வகையில வசூலிக்கிறவரும் ஒருத்தர். வாங்கினதை எழுதி வைங்க, போதும்.

"வெளியே தெரிஞ்சா சமுதாயத்துக்கு அசிங்கம்"னும் சொல்வாங்க. மறைச்சாத்தான் அசிங்கம்.

"நீ எவ்வளவு குடுத்தே?"ன்னு கேப்பீங்க. குடுத்ததைச் சொல்ல மாட்டேன். வாங்கினதைச் சொல்றேன்.

வாப்பா மௌத்தானப்ப (இறந்தப்ப) எனக்கு ஒன்பது வயசு. நோன்பு மாசம் இருபத்தேழாம் கிழமை உம்மா துப்பட்டி நுனியைப் பிடிச்சுக்கிட்டு வீடு வீடா வரிசையில நின்னிருக்கேன். பச்சை டோக்கன். எச்சில் தொட்டு நோட்டை எண்ணுவாரு ஒருத்தர், உம்மா முகத்தைப் பாக்கவே மாட்டாரு. அம்பது, நூறுன்னு சேர்ந்தது பெருநாளோட தீந்துடும். மறு வருஷம் அதே வரிசை. அப்புறம் ஒரு காக்கா (அண்ணன்), யார்கிட்டயும் சொல்லாம, பழைய தையல் மிஷின் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. அடுத்த நோன்புக்கு உம்மா வரிசையில நிக்கலை.

ஒரு ஆள் செஞ்சதை ஒரு ஊரே சேர்ந்து செய்ய முடியாதா? எத்தனை வீட்டுக்கு மிஷின் வாங்கலாம், எந்தப் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டலாம்னு கணக்கு தெரிஞ்சாத்தானே யோசிக்க முடியும்? ஜகாத்துங்கிறது கமிட்டி போடுற தர்மம் இல்லீங்க, ஏழையோட ஹக், உரிமை. அந்த வரிசையில நிக்கிறவங்க பணம். கணக்கைப் போடுங்க.

நேத்து அஸர் தொழுகைக்கு அந்தத் தம்பி பள்ளிக்கு வரலை. மஃரிபுக்கும் வரலை.