டம்ளர் கழுவுற இடத்துல ஒரு கமிட்டி கூட்டம்

(பெரம்பூர் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபை. எட்டரை மணி ஆராதனை முடிந்துவிட்டது. பாரிஷ் ஹாலுக்குப் பின்னால் குழாயடி. எஸ்தர் அக்கா எவர்சில்வர் டம்ளர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார். கமிட்டி மெம்பர் ஞானராஜ் கையில் ஃபைலோடு வருகிறார்.)

ஞானராஜ்: ஸ்தோத்திரம் அக்கா. அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயிறு முந்நூறு டீ வேணும்.

எஸ்தர்: ஸ்தோத்திரம் தம்பி. இப்ப இருநூறுக்குப் போடறேன். டம்ளருக்கு 80 மில்லி. பத்து லிட்டர் பாலு, ஆறு லிட்டர் தண்ணி, 400 கிராம் தூளு, ஒண்ணேகால் கிலோ சக்கரை. முந்நூறுன்னா எல்லாமே ஒண்ணரை மடங்கு, பாத்திரம் கொள்ளாது. யாருக்குக் கல்யாணம்?

ஞானராஜ்: கல்யாணம் இல்ல. ஐக்கியப் பெருவிழா! சபையில ஒருத்தருக்கொருத்தர் உண்மையான உறவே இல்லைன்னு கமிட்டியில மூணு மணி நேரம் பேசினோம்.

எஸ்தர்: நல்லதாச்சே. அப்புறம்?

ஞானராஜ்: பேசி முடிச்சதுல இருந்து பொருளாளரும் செயலாளரும் பேசிக்கிறதில்ல. அது கெடக்கட்டும். பட்ஜெட் 40,000. ஃப்ளெக்ஸ், சால்வை, வெளியூர்ல இருந்து பிரசங்கியார், பலூன் உடைக்கிற விளையாட்டு. பி.பி.டி. கூட ரெடி பண்ணிட்டேன்.

எஸ்தர்: அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. நீங்க எந்த பெஞ்சு?

ஞானராஜ்: வலது பக்கம் நாலாவது, ஃபேனுக்குக் கீழ. எங்க தாத்தா காலத்துல இருந்தே அதான்.

எஸ்தர்: உங்களுக்கு முன்னாடி, மூணாவது பெஞ்சுல உக்காருறவர் யாரு?

ஞானராஜ்: அவரா? நல்லாத் தெரியுமே! வெள்ளைச் சட்டை போட்டிருப்பாரு. பின்கழுத்துல, இடது பக்கம், மிளகு சைஸுல ஒரு மச்சம்.

எஸ்தர்: பேரு?

ஞானராஜ்: அதான் சொன்னேனே அக்கா, மச்சம்.

எஸ்தர்: எத்தனை வருஷமா அந்த மச்சத்தைப் பாக்குறீங்க?

ஞானராஜ்: பதினோரு வருஷம் இருக்கும். முன்ன கொஞ்சம் சின்னதா இருந்துச்சு.

எஸ்தர்: திருவிருந்து ஆராதனையில, சமாதானம்னு ஒருத்தருக்கொருத்தர் கை குடுக்குறப்ப அவர் திரும்புவாருல்ல?

ஞானராஜ்: திரும்புவாரு. நான் கையை நீட்டிட்டு ஃபேனைப் பாத்துக்குவேன். போன சபை எலெக்ஷன்ல அவரு எதிரணின்னு ஒரு பேச்சு. ஆனா அந்த முறையோட வரலாறு எனக்கு அத்துப்படி அக்கா! 1947 செப்டம்பர் 27, நம்ம செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல தென்னிந்திய திருச்சபை உருவாச்சு. ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல்னு தனித்தனியா இருந்ததெல்லாம் ஒண்ணாச்சு. 1950ல வந்த திருவிருந்து முறையில, கேரளத்து சிரியன் சபை வழக்கத்தைப் பாத்து, சமாதானத்தைக் கைக்குக் கை கொடுக்குறதைச் சேத்தாங்க. ரெண்டாவது ஸ்லைடுல இருக்கு.

எஸ்தர்: அத்தனை சபை ஒண்ணாச் சேந்துச்சு. மூணாவது பெஞ்சும் நாலாவது பெஞ்சும் இன்னும் சேரல. இந்தாங்க, சும்மா உக்காந்திருக்கீங்களே, இந்த நாரைப் பிடிங்க.

ஞானராஜ்: நானா? கமிட்டி மெம்பர் அக்கா நான்.

எஸ்தர்: டம்ளருக்கு அது தெரியாது. தேய்ங்க.

ஞானராஜ்: அக்கா, பேப்பர் கப் வாங்கிட்டா இந்த வேலையே இல்லையே?

எஸ்தர்: பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்பை 2019 ஜனவரியில இருந்து கவர்மென்ட்டு தடை பண்ணிருக்கு. தடை இல்லாட்டியும் வாங்க மாட்டேன். கப்புல குடுத்தப்ப வாசல் கேட்டுக்குப் பக்கத்துல வாங்குவாங்க, நடந்துகிட்டே குடிப்பாங்க, வண்டியைக் கெளப்பிடுவாங்க. டம்ளர்னா திருப்பிக் குடுக்கணும். குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்குறவன் மூஞ்சியைத்தான் பாத்தாகணும். அதுக்குத்தான் டீ மேசையைக் கேட்டுல இருந்து தூக்கி உள்ள வேப்பமரத்தடியில போட்டேன். சேர் போடல, போட்டா குடும்பம் குடும்பமா வட்டம் கட்டிக்குவாங்க. டீயும் கொதிக்கக் கொதிக்கத்தான் குடுப்பேன்.

ஞானராஜ்: அதான் நாக்கு சுடுதா! நான் உங்களுக்கு டீ போடத் தெரியலன்னு நெனச்சேன்.

எஸ்தர்: ஆறின டீயை ஒரே மடக்குல குடிச்சிட்டு ஓடிருவீங்க. சுடச்சுட குடுத்தா பத்து நிமிஷம் நிப்பீங்க.

ஞானராஜ்: பத்து நிமிஷமா? அக்கா, இது என் ஏழாவது ஸ்லைடு! அமெரிக்காவுல கான்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால்னு ஒருத்தர் 2018ல ஆராய்ச்சி பண்ணி வெளியிட்டாரு. முகம் தெரிஞ்சவங்க சாதாரண நண்பராகணும்னா சுமார் 50 மணி நேரம் சேந்து இருக்கணுமாம். நெருங்கின நண்பராகணும்னா 200 மணி நேரத்துக்கு மேல.

எஸ்தர்: நீங்கதான் பேங்க்ல இருந்தவராச்சே, கணக்குப் போடுங்க. வாரத்துக்குப் பத்து நிமிஷம்.

ஞானராஜ்: 52 வாரம்... வருஷத்துக்கு 520 நிமிஷம்... எட்டு மணி நாப்பது நிமிஷம். அம்பது மணி நேரம் ஆகக் கிட்டத்தட்ட ஆறு வருஷம். இருநூறுக்கு... இருபத்திமூணு வருஷமா! எனக்கு இப்பவே அறுபத்திரெண்டு அக்கா.

எஸ்தர்: அப்ப கீழ்ப்பாக்கம் கல்லறையில பக்கத்துப் பக்கத்துல படுத்தப்புறம் ஃப்ரெண்டாயிக்கலாம். இப்ப இதையும் சொல்லுங்க, உங்க பெருவிழா எத்தனை மணி நேரம்?

ஞானராஜ்: நாலு. அதுல பிரசங்கம் ரெண்டு மணி நேரம். பேசக்கூடாது.

எஸ்தர்: அப்ப டீ மட்டும் போதாது, விழாவும் உதவாது. சேந்து வேலை செய்யணும். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சனிக்கிழமை காய் நறுக்க உக்காந்தா ஒரே ராத்திரியில அஞ்சு மணி நேரம். அரைச் சட்டி வெங்காயம் உரிக்கறதுக்குள்ள யாரு வீட்டுல மாமியார் சண்டை, யாரு பையனுக்கு வேலை போச்சு, எல்லாம் வெளிய வந்துரும். அழுதாலும் வெங்காயத்து மேல பழி போட்டுக்கலாம். ஆம்பளைங்களை ஏலப் பொருள் தூக்க விடுங்க, கிறிஸ்மஸ் கேரல் ரவுண்ட்ஸ்ல டிரம் தூக்க விடுங்க. மேடையில நிக்கிறதுக்குத்தான் உங்களுக்கு எல்லாம் போட்டி.

ஞானராஜ்: புதுசா வர்றவங்களுக்கு ஒரு நல்ல திட்டம் வச்சிருக்கேன் அக்கா. ஆராதனை நடுவுல எழுந்து நிக்கச் சொல்லி, கைதட்டி, மைக் குடுத்து...

எஸ்தர்: போன மாசம் அப்படி ஒரு பையனை நிக்க வச்சீங்களே. நாகர்கோவில் பையன், அம்பத்தூர்ல நைட் ஷிஃப்ட். அப்புறம் அவனைப் பாத்தீங்களா?

ஞானராஜ்: இல்லையே. தூங்குறான் போல.

எஸ்தர்: தூங்கல, வேற சபைக்குப் போறான். மைக்குல பேரு சொன்னான், கைதட்டினீங்க. வெளிய வந்து தனியா டீ குடிச்சான். அதுக்கும் மேல ஒருத்தர் அவனைப் பிடிச்சுகிட்டு எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், அப்பா பேரு என்னன்னு கேட்டாரு. மூணாவது கேள்வி எதைத் தேடுதுன்னு கேக்குறவருக்கும் தெரியும், அந்தப் பையனுக்கும் தெரியும். திருவிருந்துல எல்லாருக்கும் ஒரே பாத்திரம், டீ மேசையில இந்த விசாரணை!

ஞானராஜ்: (மெதுவாக) அந்த ஒருத்தர்...

எஸ்தர்: நீங்கதான்னு நான் சொல்லலியே.

ஞானராஜ்: சரி, அப்ப என்னதான் கேக்கறது?

எஸ்தர்: "இன்னிக்கு எதுல வந்தீங்க?" அவ்ளோதான். 29சி பஸ்ஸுன்னு சொன்னா எங்க ஏறினாங்கன்னு வரும். பைக்குன்னா எங்க விட்டீங்கன்னு வரும். நடந்து வந்தேன்னா பக்கத்து வீடுதான். முத வாரம் அது போதும், பாட்டு நம்பரை மட்டும் பாமாலைப் பாட்டுப் புஸ்தகத்துல எடுத்துக் காட்டுங்க. போன் நம்பர் கேக்காதீங்க, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுன்னு பயந்துருவாங்க. ரெண்டாவது வாரம் பேரைச் சொல்லிக் கூப்பிடணும், அதுக்கு வீட்டுக்குப் போனதும் நோட்டுல எழுதி வச்சிக்கணும். மூணாவது வாரம் இன்னொருத்தர்கிட்ட அறிமுகப்படுத்தி விட்டுட்டு நீங்க ஒதுங்கிக்கணும்.

ஞானராஜ்: எல்லாரையும் வாட்ஸ்அப் குரூப்புல சேத்துட்டா?

எஸ்தர்: 214 பேர் இருக்கிற குரூப்பு. காலையில அஞ்சு மணிக்கு ரோஜாப்பூ மேல வசனம். அறுபது பேரு ஆமென். போன வாரம் ஒரு அம்மா "ரத்தம் வேணும், ஓ நெகட்டிவ்"னு போட்டாங்க. அதுக்கும் ஆமென்.

ஞானராஜ்: அது... நான் கண்ணாடி போடாமப் போட்டது.

எஸ்தர்: சின்னதா வைங்க தம்பி. பன்னெண்டு பேரு.

ஞானராஜ்: அக்கா! பதினோராவது ஸ்லைடு! ஜான் வெஸ்லி, மெத்தடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்சவரு! 1742ல பிரிஸ்டல் ஊர்ல சபைக் கட்டடத்துக்குக் கடன். பன்னெண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூல். வசூலுக்கு வீட்டுக்குப் போனா ஒருத்தன் பொண்டாட்டியோட சண்டை போட்டுகிட்டு இருக்கான், இன்னொருத்தன் குடிச்சிட்டுக் கெடக்கான். அப்பதான் வெஸ்லிக்கு, இது காசைவிட முக்கியமான விஷயம்னு பட்டுச்சு. அதுல இருந்துதான் வாராவாரம் சின்னக் குழுவாக் கூடுற கிளாஸ் மீட்டிங் வந்துச்சு.

எஸ்தர்: இவ்ளோ தெரிஞ்சு வச்சிகிட்டு பலூன் உடைக்கலாம்னு வந்தீங்களா?

ஞானராஜ்: ஆனா நம்ம ஏரியா வீட்டு ஜெபக்கூட்டம் ஏன் அக்கா படுத்துருச்சு?

எஸ்தர்: கேசரியால. மொத வீட்டுல டீ பிஸ்கட். ரெண்டாவது வீட்டுல கேசரி வடை. மூணாவது வீட்டுல பிரியாணி. நாலாவது வீடு ஒரு விதவையம்மா, ஒண்டுக் குடித்தனம். "எங்க வீட்டுல தண்ணி வரல"ன்னு சொல்லிட்டாங்க. அஞ்சாவது வீட்டுக்காரங்க பிரியாணிக்கு மேல என்ன போடறதுன்னு தெரியாம ஊருக்கே போயிட்டாங்க. இனிமே டீ, மேரி பிஸ்கட் ரெண்டு. மீறினா அடுத்த வாரமும் அவங்க வீட்லயே கூட்டம்னு அபராதம் போடுங்க. ஏழு மணிக்கு ஆரம்பிச்சா எட்டரைக்கு முடிக்கணும், பஸ்ஸுக்குப் போறவங்க இருக்காங்க. முக்கால் மணி நேரம் நீங்க ஜெபம் பண்ணக்கூடாது.

ஞானராஜ்: ஆவியானவர் நடத்தினா?

எஸ்தர்: போன தடவை நடுவுல ஒருத்தர் குறட்டை விட்டாரே, அதையும் அவரா நடத்தினாரு? இன்னொண்ணு, ஜெபக்குறிப்பு. "பிரதர், யார்கிட்டயும் சொல்லாதீங்க, ஜெபத்துக்காக மட்டும் சொல்றேன்"னு ஆரம்பிச்சா, செவ்வாய்க்கிழமைக்குள்ள அயனாவரம் வரைக்கும் போயிடுது. ஒரு பொண்ணு தன் பையன் குடிக்கிறான்னு அழுதா. அடுத்த ஞாயிறு மூணு பேரு அவளுக்கு டி-அடிக்ஷன் சென்டர் நோட்டீஸ் குடுத்தாங்க. அந்த மூணு பேர்கிட்டயும் அவ சொல்லவே இல்ல. அதுக்கப்புறம் அவ சொல்ற ஒரே ஜெபக்குறிப்பு "தேச சமாதானம்".

ஞானராஜ்: அப்ப ரூல் போட்டுருவோம். கேட்டது வாசலைத் தாண்டக்கூடாது.

எஸ்தர்: ரூல் போதாது. கசிஞ்சா, கசிய விட்டவரே அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும். ஒரு தடவை கேட்டவன் மறுதடவை வாயைத் தொறக்க மாட்டான்.

ஞானராஜ்: துக்க வீட்டுக்கு மட்டும் நம்ம சபை குறையே வைக்காது அக்கா. பெட்டி வர்றதுக்குள்ள நாப்பது பேர் நிப்போம்.

எஸ்தர்: நிப்பீங்க. பாட்டுப் பாடுவீங்க, சேர் போடுவீங்க. எட்டாம் நாள் கதவைத் தட்ட ஆள் இருக்காது. மூணாவது மாசம்தான் தம்பி வீடு வெறிச்சோடும். பென்ஷன் ஃபாரம் எப்படி நிரப்பறதுன்னு தெரியாம அந்தம்மா முழிக்கும். அடக்கம் நடந்த தேதியில இருந்து மூணு மாசம் தள்ளி காலண்டர்ல வட்டம் போடுங்க. பேங்க்காரர் நீங்க, பாட்டுப் பாடறதைவிட ஃபாரம் நிரப்பிக் குடுத்தாப் புண்ணியம்.

ஞானராஜ்: என் பாட்டுக்கு என்ன அக்கா கொறைச்சல்?

எஸ்தர்: அதை அப்புறம் பேசுவோம். அங்க பாருங்க, மரத்தடியில கடைசி ஆளு. வெள்ளைச் சட்டை. டம்ளரை வச்சிகிட்டு நிக்கிறாரு. போய் வாங்கிட்டு வாங்க. ஃபைலை இங்க வச்சிட்டுப் போங்க.

ஞானராஜ்: முன்பக்கமா எப்படி இருப்பாருன்னே தெரியாதே...

(போகிறார். ஆறு நிமிஷம் கழித்துத் திரும்பி வருகிறார்.)

எஸ்தர்: என்னாச்சு?

ஞானராஜ்: பேரு பொன்னையா. ஐ.சி.எஃப். ரயில்பெட்டி ஃபேக்டரியில வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எதிரணியெல்லாம் இல்லையாம், போன எலெக்ஷன்ல ஓட்டே போடல, அன்னிக்கு மச்சான் வீட்டு நிச்சயதார்த்தம். வியாழக்கிழமை முட்டி ஆபரேஷன். பாடகர் குழு, ஆயர், கமிட்டி, ஒரு வேன் ஆளோட போய் ஜெபம் பண்ணிடலாம்னு சொல்லிட்டு வந்தேன்.

எஸ்தர்: ஐயோ! ஆபரேஷன் அன்னிக்குக் கூட்டமாப் போகாதீங்க. சனிக்கிழமை போங்க, நீங்க மட்டும். பத்து நிமிஷம். கட்டில்ல உக்காராதீங்க. உங்க சித்தப்பா முட்டி ஆபரேஷன் கதையைச் சொல்லாதீங்க.

ஞானராஜ்: சித்தப்பாவுக்கு அதுல சீழ் பிடிச்சு...

எஸ்தர்: அதைத்தான் சொல்லாதீங்கங்கறேன். ராத்திரி கூடத் தங்க ஆளு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா, அவரு சம்சாரம் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வர ரெண்டு மணி நேரம் நீங்க உக்காருங்க. பழம் வேணாம், ஃபிளாஸ்க்ல காப்பி போதும்.

ஞானராஜ்: சரி. ஆனா ஒரு விஷயம் மனசுக்குக் கஷ்டமாயிடுச்சு அக்கா. அவருக்கும் என் பேரு தெரியல. "யாரு... பின்னாடி இருந்து எல்லாப் பாட்டையும் ஒரு கட்டை மேல தூக்கிப் பாடுவாரே, அவரா? உங்களாலதான் நான் பெஞ்சு மாத்தலாமான்னு பாத்துகிட்டு இருந்தேன்"ங்கறாரு!

எஸ்தர்: பாத்தீங்களா, பதினோரு வருஷத்துல மொத தடவையா ஒருத்தர் உங்ககிட்ட மனசுல பட்டதைச் சொல்லியிருக்காரு. நீங்க என்ன சொன்னீங்க?

ஞானராஜ்: மச்சத்தை டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். பெரிசாயிட்டே வருதுன்னேன். "எனக்குத் தெரியாதே, வீட்டுலயும் யாரும் சொல்லலியே"ன்னு கழுத்தைத் தடவிப் பாத்தாரு. ஆபரேஷனுக்குப் போறப்பவே காட்டிடறேன்னாரு.

எஸ்தர்: ம்... அவர் டம்ளர் எங்க?

ஞானராஜ்: அய்யய்யோ, பேச்சு சுவாரசியத்துல அவர் வண்டி பெட்டியில வச்சிட்டுப் போயிட்டாரு அக்கா!

எஸ்தர்: நல்லது. சனிக்கிழமை போறப்ப வாங்கிட்டு வந்துருங்க. இருநூத்துக்கு நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு எழுதிக்கிறேன், உங்க பேர்ல.