பனி மூடிய ஏரியில் நடக்கலாமா?

"ஏரி மேல் பனி கனமாகக் கிடந்தால் அடியில் உறைந்த பனிக்கட்டியும் கனமாக இருக்கும், தூண்டிலோடு தைரியமாக இறங்கலாம்" என்று கனடா, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரிகளில் பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பது பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. உயிரைப் பறிக்கக்கூடிய தவறு.

நடப்பது நேர்மாறு. மேலே கிடக்கும் பனி கம்பளி போல மூடிக்கொண்டு குளிர் கீழே இறங்காமல் தடுக்கிறது; கட்டி மெதுவாகத்தான் தடிக்கும். பனியின் எடை வேறு அழுத்தும். விரிசல் வழியாக மேலேறும் நீர் பனியோடு கலந்து உறைந்து வெள்ளைக் கட்டியாகிறது. அதன் வலு தெளிவான கட்டியின் வலுவில் ஏறக்குறையப் பாதிதான்.

மின்னசோட்டா இயற்கை வளத் துறையின் இணையதளத்தில் இதைச் சரிபார்க்கலாம். ஒருவர் நடக்கப் புதிய, தெளிவான கட்டி குறைந்தது 4 அங்குலம் (சுமார் 10 சென்டிமீட்டர்) வேண்டும். வெள்ளைக் கட்டி என்றால் இரு மடங்கு. கனடா செஞ்சிலுவைச் சங்கம் 15 சென்டிமீட்டர் என்கிறது. உதவி வரவே நேரமாகும் ஒதுக்குப்புற ஏரிகளில் இந்தக் கறார்தான் சரி என்பேன்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்புறம், ஏரிக்குப் போகிறவர் தெரிந்தவராக இருந்தால், கடப்பாரையால் குத்திப் பார்த்து, துளையிட்டு அளந்தபடியே முன்னேறச் சொல்லுங்கள்.